புள்ளி எட்டு ஓம்

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
சைக்கிள் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில்
என் கண்ணாடி அலமாரி.
காலை பத்துக்கு ஷட்டரைத் தூக்கினால்
முந்தாநாள் மாம்பழ வாசம் இன்னும் உள்ளேயே நிற்கும்,
வாடகை கொடுக்காமல்.

சேர்ந்த முதல் வாரம்
திரும்பி வந்த பழுதான ஒன்றைப் பிரித்துப் போட்டேன்.
செதில் சீவாமல் மீன் அறுத்த மாதிரி இருந்தது மேசை.
பேட்டரி, டேங்க், காயில்,
மோதிரம் போல ஒரு ரப்பர் வளையம்,
வாய் வைக்கும் முனையில் யாரோ ஒருவரின் பல் தடம்.
திரும்பப் பூட்டும்போது ஒன்று மிஞ்சியது.
அது இன்னமும் என் பேனா டப்பாவில் கிடக்கிறது.

ஒரு நோட்டு வாங்கி வார்த்தைகளை எழுதினேன்.
பாட்: காய்.
ரப்பர்க்காய் வெயிலில் வெடிக்கும்,
இது வெடிக்காது, கசியும்.
காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர்கள்
நனைந்த பத்து வெள்ளித் தாளோடு சண்டைக்கு வருவார்கள்.
காயில்: சுருள், அதன் வயிற்றில் பஞ்சு.
பஞ்சு குடித்து முடிக்குமுன் இழுத்தால்
தொண்டையில் கருகல்.
அதற்கு ட்ரை ஹிட் என்று பெயராம்.
சட்டி தீய்ந்தது என்று எழுதினேன்.
அஞ்சு நிமிஷம் ஊறவிடுங்கண்ணே என்றால்
யார் கேட்கிறார்கள்.

புகை என்று சொல்லக் கூடாது, ஆவி என்று சொல், என்றார் லியோங்.
ஆவி என்று தமிழில் போர்டு வைத்தால்
இட்லி கேட்டு வருவார்கள்,
இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு
இந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

பிறகு இந்த ஓம்.
புள்ளி ஆறு ஓம் இருக்கா,
புள்ளி எட்டு ஓம் தாம்மா,
ஒன்று புள்ளி ரெண்டு ஓம் போன வாரம் சொன்னியே.
ஓம் குறையக் குறைய மேகம் பெருக்கும்.
ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறேன்,
ஒரு சாமியும் திரும்பிப் பார்த்ததில்லை.
பல் டாக்டர் வீட்டு நர்ஸ் சித்ரவள்ளி மட்டும்
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
அரோகரா என்பாள்.

ஒரு பையன் வந்தான், புதுச் சட்டை, தலையில் ஜெல்.
வாட், ஏர்ஃப்ளோ, சால்ட் நிக், எல்லாம்
என்னைவிட நன்றாகச் சொன்னான்.
கீழே கறுப்புப் பள்ளிக்காலணி.
இல்லை தம்பி என்றேன்.
ஸ்டாக் இல்லையா என்றான்.
உனக்கு இல்லை என்றேன்.
எதிர்க் கடையில் வாங்கியிருப்பான்.
அதை நோட்டில் எழுதவில்லை.

சம்பளம் போட்ட சனிக்கிழமை
எத்திராஜண்ணன் வந்தார், குலை அறுக்கிறவர்.
எலுமிச்சை முப்பது மில்லி, பதினெட்டு வெள்ளி.
குப்பியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தார்.
வி.ஜி எழுபதுன்னு போட்டிருக்கே, அதென்னா?
வெஜிடபிள் கிளிசரின். காய்கறின்னு வச்சுக்குங்க.
எந்தக் காய்?
எனக்குத் தெரியவில்லை. ஃபோனில் தேடினேன்.
சோயா, தேங்காய்,
செம்பனையிலிருந்தும் எடுப்பாங்களாம்ண்ணே.

அவர் குப்பியைப் பார்க்கவில்லை,
வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.
முள் ஏறிய இடம் இன்னும் நீலமாக இருந்தது.
நான் அறுத்து, ரோட்டோரம் இழுத்துப் போட்டு,
லோரி ஏத்தி, மில்லுக்குப் போயி,
எங்கெங்கியோ சுத்திட்டு
இங்க வந்து எலுமிச்சைங்குதா?
சிரித்தார். எனக்குக் கழிவு உண்டா என்றார்.

கேமரா தலைக்கு மேலே இருந்தது.
என் பணப்பையிலிருந்து இரண்டு வெள்ளி எடுத்துக்
கல்லாவில் போட்டேன்.
வேணாம்மா என்று அவரே அதை எடுத்து
என் பக்கம் தள்ளினார்.

வெளியே போய் ஒரு இழுப்பு.
சமிக்ஞை விளக்கில் குலை ஏற்றிய லோரி ஒன்று நின்றது.
வெள்ளையாக ஏதோ அதன் மேல் போய்ப் படிந்து
பச்சை விழுந்ததும் நகர்ந்துவிட்டது.

அன்றிரவு நோட்டில்
வி.ஜிக்கு எதிரே எத்திராஜ் என்று எழுதினேன்.
பி.ஜிக்கு எதிரே
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.